குளிரின் எல்லை தேடிய காமர்லிங் ஓன்னஸ்

நெருப்பை மூட்டி வெம்மையைத் தன் ஏவலுக்கு உட்படுத்த மனிதன் கற்றது வரலாற்றுக்கு எட்டாத பண்டைக் காலத்தில். தண்மையை அவ்வாறு ஆளக் கற்றதோ மிக அண்மையிலேயாகும். கோடையில் மண்பானையில் நீர் வைத்துக் குளிரச் செய்தலும், பனிக்கட்டியைச் சேமித்து வைத்தலும் அன்றி, அத்துறையில் நம் முன்னோரும் பிறநாட்டாரும் நெடுங்காலம் அறிந்தது சிறிதே. அக்கலையை எவரும் நினையாத தொலைவுக்குக் கொண்டு சென்ற பெருமை ஹாலந்து நாட்டினரான ஹைக்கா காமர்லிங் ஓன்னஸ் என்னும் அறிஞர்க்கு உரியது.

பொருள்கள் குளிரக் குளிர, அக்குளிர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் உறையும் நிலைக்குக் கீழே 273.15 பாகையில் அமைந்த அவ்வெல்லையைத் தனிப்பூச்சியம் என்பர். அதனைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணுவது கெல்வின் அளவை. இக்கட்டுரையில் வரும் பாகைகள் யாவும் அவ்வளவையைச் சார்ந்தவை. அவ்வெல்லைக்கு ஒரு பாகையினும் குறைந்த தொலைவு வரை ஓன்னஸ் சென்றார். அங்கே வழி அடைபட்டது. அடைபட்ட வாயிலின் திறவுகோல் அவருடைய ஆராய்ச்சிச் சாலையின் அளவைப் பட்டியல்களிலேயே கிடந்தது என்பதும், அதனை எடுத்துத் திறந்தவர் பிறர் என்பதும் இவ்வரலாற்றின் சிறப்பாகும்.

பிறப்பும் இளமையும்

ஓன்னஸ் 1853-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஹாலந்தின் வடபகுதியிலுள்ள குரோனிங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் செங்கற்சூளை நடத்திய செல்வர். சூளையின் வெம்மையால் வாழ்ந்த குடும்பத்தில் குளிரின் தலைவர் தோன்றியது ஒரு வியப்பே. உடன்பிறந்தாருள் மென்ஸோ என்பவர் புகழ்பெற்ற ஓவியரானார்.

1870-இல் உள்ளூர்ப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்த ஓன்னஸ், அடுத்த ஆண்டே ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகருக்குச் சென்று புன்ஸன், கிர்க்காஃப் என்னும் பேராசிரியர் இருவரிடம் பயின்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, 1879-இல் பூமி தன் அச்சில் சுழலுவதற்குப் புதிய சான்றுகள் காட்டும் ஆராய்ச்சி நூல் எழுதி டாக்டர் பட்டம் பெற்றார். ஊசலாடும் குண்டு ஒன்றின் இயக்கத்தை நுணுகி அளந்து அச்சான்றுகளை அவர் நிறுவினார். எதனையும் அளந்தே துணிதல் என்னும் அவர்தம் இயல்பு இளமையிலேயே இவ்வாறு வெளிப்பட்டது.

அந்நாளில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர் வான் டெர் வால்ஸ் என்னும் தம் நாட்டு அறிஞர். வாயுக்களும் திரவங்களும் ஒரே நியதிக்கு உட்பட்டவை என்று கணக்கினாற் காட்டியவர் அவர். அக்கொள்கை மெய்யாயின், எளிதில் திரவமாகாத வாயுக்களையும் தக்க குளிரில் திரவமாக்குதல் இயலவேண்டும். அதனைச் செய்து பார்த்தல் வேண்டும் என்னும் வேட்கையே ஓன்னஸின் வாழ்நாட்பணிக்கு வித்தாயிற்று.

லைடனில் ஆசிரியப் பணி

1882-இல், இருபத்தொன்பதாம் வயதில், ஓன்னஸ் லைடன் பல்கலைக் கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானார். பதவி ஏற்றபோது ஆற்றிய தொடக்கப் பேருரையில், அறிவுக்கு வழி அளத்தலே என்னும் கருத்தைத் தம் ஆராய்ச்சிச் சாலையின் நெறியாக நிறுத்தினார். கருத்துரைகள் மாறலாம், செம்மையாக அளந்த அளவோ மாறாது என்பது அவர் நம்பிக்கை. 1885 முதல் தம் சாலையில் நிகழ்ந்த சோதனைகளை எல்லாரும் அறியத் தொடர்ந்து வெளியிட்டு வந்தார். கருவியின் அமைப்பு, கண்ட எண்கள், நேர்ந்த இடர் ஆகியவற்றை அவர் மறைத்தாரல்லர்.

ஆராய்ச்சி என்பது தனியொருவர் செயலன்று என்பதையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். கண்ணாடிக் குழல் ஊதுவோரும், உலோகம் கடைவோரும், பம்பு இயக்குவோரும் திறமுடையராய் இருந்தாலன்றிக் குளிர் ஆராய்ச்சி நடவாது. ஆதலின் கருவி செய்வோர்க்கென ஒரு பயிற்சிப் பள்ளியையே லைடனில் வளர்த்தார். அங்கே பயின்ற சிறுவர் நீல மேலாடை அணிந்து சோதனைகளிற் பங்குகொண்டனர். தொழிலாளர் தலைவர் பிளிம், கண்ணாடிக் கலைஞர் கெஸ்ஸல்ரிங் என்னும் இருவரும் அவர்க்கு இரு கைகளெனத் துணைநின்றனர்.

வாயுக்களைக் குளிர்வித்தற்கு அவர் அமைத்த முறை, ஆழ்கிணற்றில் படிப்படியாக இறங்குதல் போன்றது. மெத்தில் குளோரைடு என்னும் திரவம் ஆவியாகும் குளிரால் எத்திலீன் திரவமாயிற்று; எத்திலீனின் குளிரால் பிராணவாயு திரவமாயிற்று; பிராணவாயுவின் குளிரால் காற்று திரவமாயிற்று. 1894 அளவில், மணிக்கு 14 லிட்டர் திரவக் காற்றுத் தரும் இப்பொறி நிறைவெய்தியது.

அப்பொழுது எதிர்பாராத தடை ஒன்று எழுந்தது. 1807-இல் லைடன் நகரின் நடுவே வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்துப் பெருஞ்சேதம் விளைத்திருந்தது. அவ்வெடியால் அழிந்த இடத்தில் எழுந்ததே இவ்வாராய்ச்சிச் சாலை. அங்கே அழுத்திய வாயுக்கள் நிறைந்த கலங்கள் இருப்பதறிந்த நகர மாந்தர் அஞ்சினர். முறையீடு எழுந்தது; 1895 முதல் 1898 வரை அப்பணி நிறுத்தப்பட்டது. அந்த 1898-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டூவர் என்னும் அறிஞர் ஹைட்ரஜனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார். ஓன்னஸ் மனம் தளர்ந்தாரல்லர். சிறிது சிறிதாகச் செய்து காட்டுவதினும், ஆய்வுக்குப் போதிய அளவில் இடையறாது தரும் பொறியே வேண்டும் என்று பொறுமையோடு உழைத்தார். 1906-இல் அவருடைய ஹைட்ரஜன் பொறி இயங்கலாயிற்று.

ஹீலியத்தின் வரலாறு

எஞ்சியது ஹீலியம் ஒன்றே. அதன் வரலாறு நம் தென்னாட்டோடும் தொடர்புடையது. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் வானநூலார் கூடியிருந்தனர். சூரிய விளிம்பின் ஒளியை அவர்கள் பகுத்து நோக்கியபோது மஞ்சள் நிறக் கோடு ஒன்று காணப்பட்டது. அது சோடியத்தின் கோடன்று, உலகறியாப் பொருளொன்றின் கோடு என்று இங்கிலாந்தில் லாக்யர் துணிந்தார். கதிரவனுக்குரிய கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப் பெயர் பெற்றது. அதனைப் பூமியிற் கண்டவர் ராம்ஸே, ஆண்டு 1895.

அவ்வாயுவைப் போதிய அளவு பெறுவது எங்ஙனம்? ஓன்னஸின் தம்பியார் ஒருவர் வணிகச் செய்திகளை ஆயும் அலுவலகத் தலைவராய் ஆம்ஸ்டர்டாமில் இருந்தார். அவர் உதவியால் அமெரிக்காவின் வட கரோலினாப் பகுதியிலிருந்து மோனஸைட் என்னும் மணல் வருவிக்கப்பட்டது. அருமண் உலோகங்களும் தோரியமும் அடங்கிய கனிமணல் அது. தோரியம் சிதையுந்தோறும் பிறக்கும் ஹீலியம் மணலினுள்ளேயே ஊழிக்காலமாகச் சிறைப்பட்டிருக்கும். மணலைச் சூடாக்கி, வெளிவந்த வாயுவைப் பன்முறை தூய்மை செய்து, சில நூறு லிட்டர் ஹீலியத்தை அவர் சேர்த்தார். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909-இல் கண்டறியப்பட்டதும் இவ்வகை மணலே.

1908 ஜூலை 10

அந்நாள் விடியற்காலை ஆறு மணிக்கு முன்னரே பணி தொடங்கிற்று. முன்னாளிலேயே 75 லிட்டர் திரவக் காற்று ஆயத்தமாயிருந்தது. அதன் துணையால் பிற்பகல் ஒன்றரை மணிக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் திரண்டது. மாலை நான்கு மணி கடந்து இருபது நிமிடத்தில் ஹீலியம் பொறியினுட் சுழலத் தொடங்கிற்று. வெப்பமானி இறங்கிற்று, பின்னர் ஓரிடத்தில் நின்றது. அழுத்தத்தை மாற்றினும் அது அசையவில்லை. திரவ ஹைட்ரஜனோ தீருந்தறுவாயில் இருந்தது. முயற்சி வீணாயிற்றோ என எல்லாரும் கவன்றனர். அவ்வேளையில் காண வந்திருந்த இரசாயனப் பேராசிரியர் ஒருவர், வெப்பமானி நிற்பது திரவத்துள் மூழ்கியமையாலும் இருக்கலாமே என்று நினைவூட்டினார். கலத்தின் அடியிலிருந்து ஒளியைச் செலுத்தினர். கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கத்திமுனை போன்ற மெல்லிய கோடாகத் திரவத்தின் மேற்பரப்பு தெரிந்தது! அளவு 60 கன சென்டிமீட்டர். வெப்பநிலை ஏறத்தாழ 4.2 பாகை. அக்காலத்தில் இவ்வுலகில் அதனினும் குளிர்ந்த பொருளை எவரும் கண்டதில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகள், 1923-இல் கானடாவின் டொராண்டோ நகரில் ஹீலியம் திரவமாகும் வரை, லைடன் ஒன்றே அக்குளிரின் இருப்பிடமாய் விளங்கிற்று.

பாதரசம் காட்டிய புதுமை

1911 ஏப்ரல் 8-ஆம் நாள், தூய பாதரசத்தின் மின்தடையைத் திரவ ஹீலியத்தின் குளிரில் அளந்தபோது, 4.2 பாகையருகே அத்தடை சட்டென மறைந்தது. மீக்கடத்தல் எனப்படும் இந்நிகழ்ச்சியை எவரும் எதிர்பார்க்கவில்லை. பின்னர் வெள்ளீயமும் காரீயமும் அத்தன்மை உடையன எனக் கண்டார். 1913-இல் ஓன்னஸுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

பெரியோர் வரலாறு எழுதுவார் குணத்தோடு குறையையும் கூறுதல் முறை. பாதரசத்தின் தடையை அளந்த கை கில்லஸ் ஹோல்ஸ்ட் என்னும் இளைஞருடையது. ஆயினும் அவ்வெளியீட்டின் ஆசிரியராகத் தாங்கிய பெயர் ஓன்னஸின் பெயர் ஒன்றே. அக்காலத்துச் சாலைத் தலைவர் பலரும் கொண்ட வழக்கம் அது எனினும், தொழிலாளர் திறத்தைப் பேணி வளர்த்த பெருந்தகை இதிலும் வழக்கத்தைக் கடந்திருந்தால் நன்றன்றோ? ஹோல்ஸ்ட் பின்னாளில் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆராய்ச்சிச் சாலையின் முதல் தலைவராய்ப் புகழடைந்தார்.

அடைபட்ட வாயில்

ஹீலியத்தினும் கீழே செல்வது எப்படி? மண்பானை நீர் குளிர்வது அதன் நீர் கசிந்து ஆவியாவதனால். விரைவு மிக்க துகள்கள் வெளியேற, எஞ்சியவை வெம்மை குன்றுகின்றன. திரவ ஹீலியத்தின் ஆவியையும் பம்பினால் இறைத்துக்கொண்டே இருந்தால் குளிர் மிகும். 1910-இல் ஓன்னஸ் இவ்வழியே 1.04 பாகையை எய்தினார். அதற்குமேல் ஒவ்வோர் அடியும் அரிதாயிற்று. குளிர் மிகுந்தோறும் ஆவி அருகிப்போகின்றது. இறைப்பதற்கு ஆவியே இல்லையெனின் பம்பு எத்துணைப் பெரிதாயினும் பயன் யாது? 1922-இல் பன்னிரண்டு பம்புகளை ஒருங்கே இயக்கி 0.83 பாகையை அடைந்தார். பன்னிரண்டாண்டு உழைப்பின் ஊதியம் பாகையில் ஐந்திலொரு பங்கு!

இஃது இவ்வாறிருக்க, அதே சாலையின் மற்றொரு பகுதியில் வேறொரு வேலை நிகழ்ந்து வந்தது. குளிர் மிகுந்தால் பொருள்களின் காந்தத்தன்மை எவ்வாறு மாறும் என்று ஓன்னஸும் துணைவரும் பல்லாண்டு அளந்தனர். அவர்கள் தேர்ந்த பொருள்களுள் தலையாயது காடோலினியம் சல்பேட் என்னும் வெண்ணிற உப்பு. காடோலினியம் அருமண் உலோகங்களுள் ஒன்று. அருமண் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பின்லாந்து அறிஞர் காடோலின் நினைவாக அதற்கு அப்பெயர் அமைந்தது. மோனஸைட் மணலிலும் அது சிறிதளவு உண்டு. அதன் ஒவ்வோரணுவிலும் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு இருத்தலின், ஒவ்வோரணுவும் வலியதொரு சிறு காந்தம். உப்பிலோ அவ்வணுக்களுக்கிடையே சல்பேட்டும் நீர்மூலக்கூறுகளும் நின்று, ஒன்றன் வலி மற்றொன்றைப் பெரிதும் தாக்காதவாறு விலக்குகின்றன. ஆதலின் அக்கடுங்குளிரிலும் அச்சிறு காந்தங்கள் திசைக்கொன்றாய்த் திரும்பியிருந்தன. வலிய காந்தப்புலத்தில் வைத்தபோது ஒருமுகமாய் நின்றன. வோல்ட்யர் என்பவரோடு ஓன்னஸ் செய்த அவ்வளவைகள் 1923-இல் வெளியாயின. காந்தக் கொள்கை ஒன்றைச் சோதித்தலே அவர்தம் நோக்கம். குளிர் ஆக்கும் வழி அவ்வெண்களுள் ஒளிந்திருந்ததை அவர் கண்டாரல்லர்.

இறுதி

நலிந்த உடலினரான ஓன்னஸ் வாழ்நாள் முழுதும் உடல்நலத்தைப் பேணியே பணிபுரிந்தவர். முதல் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னும் பசியால் வாடிய பிறநாட்டுச் சிறுவர்க்கு உதவி திரட்டினார் என்பது அவர் நெஞ்சின் ஈரத்தைக் காட்டும். 1926 பிப்ரவரி 21-ஆம் நாள் அவர் லைடனில் உயிர் நீத்தார். அடக்கத்திற்கு நேரமாகிவிடவே பிணவண்டி விரைந்ததாம். பின்னே நடந்த தொழிலாளர், இறந்தும் நம் தலைவர் நம்மை ஓட்டுகின்றார் என்று தம்முள் அன்போடு பேசிக்கொண்டனராம். நான்கு திங்களில், அவர் பன்முறை முயன்றும் உறையாத ஹீலியத்தை, அவருடன் பணிபுரிந்த கேஸம் அழுத்தத்தின் துணைகொண்டு உறையச் செய்தார்.

திறவுகோல்

அமெரிக்காவில் பெர்க்கிலி நகரில் வில்லியம் ஜியோக் என்னும் இளைஞர் 1924-இல் லைடனிலிருந்து வெளிவந்த காடோலினியம் சல்பேட்டின் எண்களைக் கணக்கிட்டு நோக்கினார். அத்தகைய குளிரில் பொருள்களில் ஒழுங்கின்மை ஏறக்குறைய அற்றுப்போயிருக்கும் என்பது அன்றைய எண்ணம். இவ்வுப்பிலோ மிகப் பெரிய ஒழுங்கின்மை எஞ்சியிருந்ததையும், காந்தப்புலம் அதனை நீக்குவதையும் கண்டு அவர் வியந்தார். டச்சு நாட்டுப் பிறப்பினரான டிபை என்பவரும் தனியே சிந்தித்து அம்முடிவையே 1926-இல் வெளியிட்டார்.

அவ்வழி இது: இடைவேளையில் வெளியிற் சிதறி நிற்கும் மாணவர் மணியோசை கேட்டு வரிசையாய் நிற்பதுபோல, காந்தப்புலத்தில் உப்பின் சிறு காந்தங்கள் ஒழுங்குறுகின்றன. அப்போது வெளிப்படும் வெப்பத்தைச் சூழ்ந்த ஹீலியம் வாங்கிச் செல்லும். பின்னர் உப்பைச் சூழ்ந்த வெப்பத் தொடர்பை அறுத்துவிட்டுப் புலத்தை நீக்கினால் வரிசை கலையும். கலைதற்கு வேண்டும் ஆற்றல் புறத்திருந்து கிடையாமையின், உப்பு தன் உள்வெப்பத்தையே செலவிடும். அதனால் மேலும் குளிரும். இறைப்பதற்கு ஆவி வேண்டா. பம்பு நின்ற இடத்தில் காந்தம் தொடங்குகின்றது.

எண்ணத்தைச் செயலாக்க ஜியோக்குக்குப் பல்லாண்டு சென்றன. 1933-இல் அவரும் மக்டூகல் என்பவரும் 61 கிராம் காடோலினியம் சல்பேட்டைக்கொண்டு 1.5 பாகையிலிருந்து 0.25 பாகைக்கு இறங்கினர். அவ்வாண்டே லைடனிலும் டி ஹாஸ் குழுவினர் சீரியம் புளோரைடு என்னும் மற்றோர் அருமண் உப்பால் அம்முறையில் வெற்றி கண்டனர். ஓன்னஸ் பன்னிரண்டு பம்புகளால் திறக்க முயன்ற கதவு ஒரு கையளவு உப்பினால் திறந்தது. ஜியோக் 1949-இல் நோபல் பரிசு பெற்றார்.

அவ்வழி இன்றும் மூடவில்லை. காடோலினியம் கலந்த உப்புகளும் மணிக்கற்களும் ஆராய்ச்சிச் சாலைகளில் கடுங்குளிர் தரும் பணியில் உள்ளன. 2023-இல் ஜப்பானிலிருந்து விண்ணிற் சென்ற எக்ஸ்ரிசம் என்னும் எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியின் உணர்கருவி, காந்தக் குளிர்ப்பொறியால் ஒரு பாகையின் இருபதிலொரு பங்கு வெப்பநிலையில் வைக்கப்படுகின்றது. அறை வெப்பத்திலேயே இயங்கும் காந்தக் குளிர்ப்பெட்டிக்கு வழி தேடியும், அருமண் உலோகக் கலவைகள் பல நாடுகளில் ஆராயப்படுகின்றன.

முடிவுரை

நேபோ மலைமேல் ஏறி நின்று கானான் நாட்டைக் கண்ட மோசே அதனுட் புகுந்தாரல்லர். ஆயினும் தாம் காண்பது இன்ன நாடு என்று அறிந்திருந்தார். ஓன்னஸ் அதனையும் அறிந்திலர். அறியாத போதும் அவர் அளவு பிழைபடவில்லை. பயன் தெரியாத எண்ணென்று எதனையும் அவர் எறியவில்லை. பிறர் காணலாகாதென்று மறைக்கவும் இல்லை. அம்மூன்றில் ஒன்று தவறியிருப்பினும், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த இளைஞர் கையில் திறவுகோல் சேர்ந்திராது.

தேர்வில் வாராத பாடம் எற்றுக்கு, உடனே பயன் தராத உழைப்பு எற்றுக்கு என்று நம்மிற் சிலர் வினவுவது உண்டு. அவர்க்கு விடையாக நிற்பது இப்பெரியாரின் வாழ்க்கை. இன்று நாம் செம்மையாகச் செய்து வைக்கும் சிறு பணியொன்று யார் கையில், எந்த நாளில், எக்கதவைத் திறக்குமென்று நாம் அறியோம். அதனைச் செம்மையாகச் செய்தலும், செய்ததைப் பிறர்க்கு ஒளியாது வைத்தலுமே நம் கடன்.